அந்தப் படத்தில் இருப்பது ஓட்டை அல்ல

கேள்வி: நான் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் பற்றி நாற்பது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதமாக இணையத்தில் தேடி அறுபது பக்கம் குறிப்பு எடுத்துவிட்டேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிச்சம். ஒரு கட்டுரை கஞ்சா மூளையைக் கருக்கிவிடும் என்கிறது. அடுத்தது, அது வெறும் மூலிகை, மருந்து என்கிறது. இரண்டுமே ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. போன வாரம் வகுப்பில் இதை லேசாகத் தொட்டபோது ஒரு மாணவன் எழுந்து, “எந்த ஆராய்ச்சி டீச்சர்? யாரை வச்சுப் பண்ணினாங்க?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. எதை நம்புவது, எப்படிப் படிப்பது? விவரமாகப் பேசினால் பிள்ளைகளுக்கு நானே ஆசையைக் கிளப்பிவிட்டது போல ஆகிவிடுமா? காட்ட நினைத்திருக்கும் படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: டீச்சர், முதலில் அந்தப் படம். ஒரு மூளை. அதன் மேல் எலி கடித்தது போல ஆங்காங்கே பள்ளங்கள். கீழே ‘இரண்டு வருடப் பழக்கத்துக்குப் பின்’ என்று ஒரு வரி. போதை மீட்பு மருத்துவத்தில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். இந்த மாதிரிப் படத்தை எத்தனையோ சுவரொட்டிகளில் பார்த்துவிட்டேன். அது ஓட்டை அல்ல. மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளக்கும் ஒருவகை ஸ்கேன் அது. ரத்த ஓட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் இடங்களை வரையாமல் விட்டுவிடு என்று கணினிக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த வரம்பைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் உங்கள் மூளையிலும் என் மூளையிலும் பள்ளம் தெரியும். அதே மூளையைக் கையில் எடுத்துப் பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும்.

போதைப்பொருளால் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆகும். ஆனால் கேள்வி கேட்கும் அந்தப் பையன் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்து, படம் சொல்வது வேறு என்று கண்டுபிடித்துவிட்டான் என்று வையுங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று முடிவு கட்டிவிடுவான். நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். நாங்கள் வருடக்கணக்காகச் செய்துவந்த தப்பு இதுதான்.

அவன் கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல. மருந்தியல்காரர்கள் ஒருவர் கட்டுரையை ஒருவர் குடைந்து பார்க்கும்போது கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான்: என்ன பொருள், எவ்வளவு, எந்த வழியாக உள்ளே போனது, யாருக்கு, யாரோடு ஒப்பிட்டீர்கள். உங்கள் அறுபது பக்கத்தையும் இந்தச் சல்லடையில் போட்டுச் சலித்தால் பத்துப் பக்கம் மிஞ்சினாலே பெரிய விஷயம்.

என்ன பொருள் என்ற முதல் கேள்வியிலேயே பெரிய ஆய்வகங்கள் தடுக்கி விழுந்திருக்கின்றன. 2002 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ரிகார்ட் என்பவரின் குழு, குரங்குகளுக்கும் பபூன்களுக்கும் எக்ஸ்டசி எனப்படும் எம்டிஎம்ஏவை ஊசி மூலம் கொடுத்தது. ஒரே இரவில் ஓர் ஆள் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவுதான் என்றார்கள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள் மோசமாகச் சேதமாகியிருந்தன. ஒரு ராத்திரி ஆட்டம் போதும், பிற்காலத்தில் கை நடுங்கி உடல் விறைத்துப்போகும் பார்க்கின்சன் நோய் வரலாம் என்று செய்தி பரவியது. அப்புறம் அதே குழு சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தச் சேதம் வரவில்லை. ஏன் என்று தோண்டிக்கொண்டே போய், கடைசியில் உறையவைத்துப் பாதுகாத்திருந்த விலங்கின் மூளையைச் சோதித்தார்கள். எம்டிஎம்ஏ இல்லை, மெத்தம்ஃபெட்டமின் என்ற வேறொரு போதைப்பொருள் இருந்தது. இரண்டு புட்டிகளின் லேபிள் மாறியிருந்தது. 2003 செப்டம்பரில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எம்டிஎம்ஏவுக்கு நற்சான்று கொடுப்பதற்காக அல்ல. உடல் சூட்டை எக்கச்சக்கமாக ஏற்றியும், ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்தும் அது ஆட்களைக் கொன்றிருக்கிறது. பூட்டிய அலமாரி, எடை போட்ட புட்டி, கையெழுத்துப் போட்ட பதிவேடு என எல்லாம் இருந்த ஆய்வகத்திலேயே லேபிள் மாறியது. சட்டைப்பையில் மடித்துக்கொண்டு வந்த பொட்டலத்துக்கு லேபிளே கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது. இன்று அமெரிக்காவில் ஹெராயின் என்று விற்பதில் அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் கலந்து வருகிறது. 1982இல் கலிபோர்னியாவில் சிலர் ‘செயற்கை ஹெராயின்’ என்று வாங்கி ஊசி போட்டுக்கொண்டு, சில நாளில் சிலை மாதிரி உறைந்துபோனார்கள். வாய் திறக்க முடியவில்லை. கை கால் விறைத்துப்போய் அசைக்கவே முடியவில்லை. முதுமையில் வரும் பார்க்கின்சன் நோய், இளவயதில். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துப்புத் துலக்கியபோது, காய்ச்சியவனின் கைப்பிழையால் எம்பிடிபி என்ற வேறொரு நஞ்சு அதில் உருவாகியிருந்தது தெரிந்தது. இன்றைக்குப் பார்க்கின்சன் ஆராய்ச்சியில் விலங்குகளுக்கு அந்த நோயை வரவழைக்கப் பயன்படுத்துவது அதே எம்பிடிபியைத்தான்.

எவ்வளவு, எந்த வழியாக என்பதை நீங்களே உயிரியல் பாடத்தில் சொல்லிவிடலாம். கோக்கா இலையை ஆண்டிஸ் மலைவாசிகள் தலைமுறை தலைமுறையாக மெல்லுகிறார்கள். அதில் இருப்பதும் கோக்கைன்தான். ஆனால் அது மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்குகிறது. அதையே பிரித்தெடுத்துப் புகைத்தால் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. எவ்வளவு வேகமாகப் போய்ச் சேருகிறதோ அவ்வளவு பலமாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ‘கோக்கைன் ஆபத்தானது’ என்ற வரியைப் பார்த்தால், எந்த வடிவில் என்று கேட்காமல் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

இப்போது நான் கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம். பெரும்பாலான விழிப்புணர்வுப் பேச்சுகளில் இது வருவதே இல்லை.

என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் இளைஞர் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) ஹெராயினை விட்டுப் பத்து வாரம் ஆகியிருந்தது. எடை கூடியிருந்தது, முகத்தில் களை வந்திருந்தது. அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனார். நான்காம் நாள் இரவு, நினைவில்லாத நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவந்தார்கள். உதடு நீலம், மூச்சு நிமிடத்துக்கு நான்கோ ஐந்தோ. ஹெராயினின் வேலையை முறிக்கும் நாலோக்சோன் ஊசி போட்டதும் திடுக்கிட்டு எழுந்தார். மறுநாள் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “சார், பழைய அளவுகூட இல்லை. பாதிதான் எடுத்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் உடம்பு அதற்குப் பழகிப்போகிறது. இதைத் தாங்குதிறன் என்போம். சில வாரம் விட்டுவிட்டால் அது இறங்கிவிடும். ஆனால் கைக்கு ஞாபகம் இருப்பது பழைய அளவு. மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதி அந்த அளவுக்கு இப்போது தயாராக இல்லை. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் வாரங்களும், சிறையிலிருந்து வெளியே வந்த முதல் வாரங்களும்தான் மிக அபாயமானவை. ‘விட்டுட்டான், இனி பயமில்லை’ என்று வீட்டார் மூச்சு விடும் நேரம் அது.

அவர் விஷயத்தில் இன்னொன்றும் இருந்திருக்கலாம். வழக்கமான இடத்தில் எடுக்காமல், முன்பின் தெரியாத ஓர் அறையில் எடுத்திருந்தார். இடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கனடாவில் ஷெப்பர்ட் சீகல் என்ற உளவியலாளர் 1982இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். எலிகளுக்கு ஒரு அறையில் ஹெராயினும் வேறொரு அறையில் வெறும் சர்க்கரைக் கரைசலும் மாற்றி மாற்றி ஊசி போட்டுப் பழக்கினார்கள். பிறகு ஒரு நாள் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவு ஹெராயின். வழக்கமாக ஹெராயின் பெற்ற அறையிலேயே அதைப் பெற்ற எலிகளில் சுமார் 32 சதவீதம் செத்தன. அறையை மாற்றிக் கொடுத்த எலிகளில் 64 சதவீதம். பழக்கமே இல்லாத எலிகளில் 96 சதவீதம். அதே மருந்து, அதே அளவு, சுவர்தான் வேறு. வழக்கமான இடத்துக்குள் நுழைந்ததுமே, வரப்போவதை எதிர்பார்த்து உடம்பு எதிர்வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பது சீகலின் விளக்கம். புது இடத்தில் அந்த முன்னேற்பாடு நடப்பதில்லை. மணிச் சத்தம் கேட்டதுமே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயைப் பாடத்தில் நடத்தியிருப்பீர்கள். இதுவும் அதே கதைதான். மணியின் இடத்தில் ஓர் அறை.

அடுத்து, யாரோடு ஒப்பிட்டார்கள். இதில் உலகமே ஏமாந்த ஒரு சம்பவம் உண்டு. 1985இல் அமெரிக்காவில், கர்ப்ப காலத்தில் கோக்கைன் எடுத்த 23 பெண்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. இருபத்து மூன்றே பேர். அதிலிருந்து ‘கிராக் குழந்தைகள்’ (கிராக் என்பது புகைக்கும் கோக்கைன்) என்ற பேச்சு கிளம்பியது. ஒரு தலைமுறையே மூளை வளராமல் பிறக்கிறது, இவர்களால் பள்ளிக்கூடங்கள் திணறப்போகின்றன என்று எழுதித் தள்ளினார்கள். பிலடெல்பியாவில் ஹேலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் அவசரப்படவில்லை. கோக்கைன் பாதிப்புடன் பிறந்த குழந்தைகள், அது இல்லாமல் அதே ஏழை வட்டாரங்களில் பிறந்த குழந்தைகள் என 224 பேரை எடுத்துக்கொண்டு இருபது வருடத்துக்கும் மேல் பின்தொடர்ந்தார். நான்கு வயதில் அறிவுத்திறன் சோதனையில் முதல் குழுவின் சராசரி 79. இரண்டாவது குழுவின் சராசரி 81.9. கோக்கைன் குழந்தைகளை மட்டும் பார்த்திருந்தால் ‘79தான், பார்த்தீர்களா’ என்று சொல்லியிருப்போம். பக்கத்தில் இன்னொரு குழுவை உட்காரவைத்ததால்தான் இரண்டு குழுவையுமே வறுமை கீழே இழுத்திருந்தது வெளியே வந்தது. கர்ப்ப காலத்தில் கோக்கைன் நல்லதல்ல. குறைமாதப் பிரசவம், எடைக் குறைவு எல்லாம் வரும். ஆனால் ஊர் பயந்தது வேறொன்றுக்கு. அந்தப் பயத்தில் தாய்மார்கள் சிறைக்குப் போனார்கள். வகுப்பில் பிள்ளைகள் முத்திரை குத்தப்பட்டார்கள்.

சரி, கஞ்சா. நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளுமே பாதிப் பாதி உண்மை. ‘மூலிகை’ என்ற சொல்லுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. ஊமத்தையும் செடிதான், அபின் வருவதும் செடியிலிருந்துதான். மருந்து என்பது உண்மை, ஆனால் எது மருந்து என்று பாருங்கள்: 2018இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வரும் சில அரிய வலிப்பு நோய்களுக்கு அனுமதி பெற்றது கன்னபிடயால் என்ற பகுதிப்பொருள். போதை தருவது டிஎச்சி என்ற வேறொன்று. மறுபக்கம், ‘மூளையைக் கருக்கிவிடும்’ என்பதும் இல்லை. 1987இல் வெளியான சுவீடன் ஆய்வில் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்ததாகச் சொன்னவர்களுக்கு மனச்சிதைவு நோய் எடுக்காதவர்களைவிட ஆறு மடங்கு வந்திருந்தது. குடும்பச் சூழல், முன்பே இருந்த மனநலப் பிரச்சினை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால் அந்த எண் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் மறையவில்லை. ‘ஆறு மடங்கு’ என்று மட்டும் எழுதினால் பீதி. மனச்சிதைவு நூறில் ஒருவருக்கும் குறைவாக வரும் நோய்; அதிகம் புகைத்தவர்களிலும் பெரும்பாலோருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு முழுசாகும். அதன் பிறகு வந்த ஆய்வுகளையும் என் வெளிநோயாளிப் பிரிவில் பார்ப்பதையும் சேர்த்து நான் சொல்வது இதுதான்: இளவயதில் தொடங்குவதும், தினமும் எடுப்பதும், டிஎச்சி அதிகமுள்ள சரக்கும், குடும்பத்தில் மனநோய் வரலாறும் ஒன்று சேர்ந்தால் அது நெருப்போடு விளையாட்டு. உங்கள் எதிரில் உட்காரப் போகிறவர்களுக்கு முதல் நிபந்தனை ஏற்கெனவே பொருந்துகிறது.

“ஏன் டீச்சர், நேராக ஒரு சோதனை வைத்து முடிவு கட்டக் கூடாதா?” என்று மாணவர்கள் கேட்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐந்து வருடம் கஞ்சா கொடுத்துப் பார்க்க எந்த நெறிமுறைக் குழுவும் விடாது, விடவும் கூடாது. ஆகவே தாங்களாக எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிடுகிறோம். அவர்கள் ஏற்கெனவே பல விதத்தில் வேறுபட்டவர்கள். இதைச் சரிக்கட்டத்தான் அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகள் சுமார் 12,000 பேரை, எதையும் தொடும் முன்பே சேர்த்து, ஸ்கேன் எடுத்து, வருடா வருடம் பின்தொடர்ந்து வருகிறார்கள். பொறுமை வேண்டிய வேலை.

பயமுறுத்தும் பக்கம் மட்டும்தான் தவறும் என்று நினைத்துவிடாதீர்கள். ‘ஒன்றும் ஆகாது’ என்ற பக்கம் செய்த சேதம் பெரிது. 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வாசகர் கடிதப் பகுதியில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் அபின் வகை வலிநிவாரணி பெற்ற 11,882 நோயாளிகளில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்பது சாரம். அவர்கள் உள்நோயாளிகள், கண்காணிப்பில் மருந்து வாங்கியவர்கள், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது என்று யாரும் பார்க்கவில்லை. 2017இல் அதே இதழில் ஒரு குழு கணக்கெடுத்தது: அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. அதில் 80 சதவீதம், நோயாளிகள் மருத்துவமனைக்குள் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. நாள்பட்ட வலிக்கு மாதக்கணக்கில் எழுதிக்கொடுத்தாலும் அடிமையாக மாட்டார்கள் என்று டாக்டர்களை நம்பவைத்ததில் அந்த ஐந்து வாக்கியத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் அதன் பிறகு செத்தவர்கள் லட்சக்கணக்கில். மேற்கோள் காட்டியவர்களில் பலர் மூலக் கடிதத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். திறந்திருந்தால் வாசிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

எடுத்துப் பார்த்தவர்கள் இணையத்தில் எழுதும் அனுபவக் குறிப்புகளும் உங்கள் அறுபது பக்கத்தில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். படியுங்கள், தப்பில்லை. எழுதியவர் பிழைத்தவர் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தன்மேலேயே சோதித்துக்கொண்ட அறிஞர்களின் கதியும் அப்படித்தான். சிக்மண்ட் ஃபிராய்ட் 1884இல் கோக்கைனைப் புகழ்ந்து எழுதினார். மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்த நண்பர் ஃபிளைஷ்லுக்கு மாற்று மருந்தாகவும் கொடுத்தார். ஃபிராய்ட் தப்பினார். நண்பர் இரண்டுக்கும் அடிமையாகி 1891இல் இறந்துபோனார்.

ஆசையைக் கிளப்புமா என்று கேட்டீர்கள். உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்வதால் யாரும் போய் வாங்குவதில்லை. கிளப்பிவிடுவது வேறு: எப்படி எடுப்பது என்ற செய்முறை, பொடியும் ஊசியும் சிரிஞ்சுமாக வண்ணப் படங்கள், ‘நான் விழுந்து எழுந்தேன்’ என்று ஒருவர் மேடையில் சொல்லும் சாகசக் கதை. உங்கள் வகுப்பில் ஏற்கெனவே தொட்டவர் ஒருவராவது இருக்கலாம். விட முயல்பவராகவும் இருக்கலாம். அந்த ஊசிப் படம் ஒன்றே பழைய ஏக்கத்தைக் கிளப்பி அவர் கையை நடுங்க வைக்கப் போதும். மற்றபடி, போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து ‘வேண்டாம் என்று சொல்’ எனப் பாடம் எடுக்கும் திட்டம் 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. 1990களில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதில் உட்கார்ந்த பிள்ளைகளும் உட்காராத பிள்ளைகளும் பின்னாளில் போதைப்பொருள் எடுத்ததில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. ஒரு நாற்பது நிமிடப் பேச்சிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய இரண்டு நிமிடம் அதற்குள் இருக்கிறது. நண்பன் போதையில் படுத்திருக்கிறான், உலுக்கினாலும் எழவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது, தொண்டையில் கர்கர் என்று குறட்டை, உதடும் நகமும் நீலம். ‘தூங்கட்டும், தெளிஞ்சிடும்’ என்று விட்டுவிடக் கூடாது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய வேண்டும், ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், தனியாக விடக் கூடாது, என்ன எடுத்தான் என்று தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தாலும் இதே நிலை வரும். பள்ளிக்கோ வீட்டுக்கோ தெரிந்துவிடும் என்ற பயத்தில் நண்பர்கள் ஓடிப்போவதால் நடக்கும் சாவுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் கூப்பிட்டவனைத் திட்ட மாட்டோம் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க முடியுமானால், தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அதை வகுப்பில் சத்தமாகச் சொல்லுங்கள்.

குறிப்புகளில் மூலக் கட்டுரை கையில் கிடைக்காத வரிகளையெல்லாம் கோடு போட்டு அடித்துவிடுங்கள். படத்தை எடுத்துவிடுங்கள். பேச்சை இருபத்தைந்து நிமிடத்தில் முடித்து மீதியைக் கேள்விக்கு விடுங்கள். எதற்காவது பதில் தெரியாவிட்டால் கரும்பலகையில் எழுதி வைத்து அடுத்த வாரம் சொல்லுங்கள். எனக்கு அனுப்பினாலும் பார்த்துச் சொல்கிறேன். அந்தப் பையனை முன்வரிசைக்குக் கூப்பிட வேண்டாம். எங்கே உட்கார்ந்தாலும் அவன் கேட்பான்.